அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு டிரெய்லர் தண்ணீர்

தோஹாவில் சேதுமாதவன் சாருக்கு அறுபது வயது பூர்த்தியாகப் போகிறது என்ற செய்தி அபுதாபிக்கு வந்தபோது, உமாபதிக்கு அந்த மனிதரின் ஆயுளைப் பற்றி மகிழ்ச்சி எதுவும் உண்டாகவில்லை. அறுபது என்றால் ஓய்வு. ஓய்வு என்றால் ஒரு நாற்காலி காலி. அந்த நாற்காலியில் அடுத்து யார் உட்காரலாம் என்று சேதுமாதவன் கை காட்டும் ஆளைத்தான் கத்தார்க்காரர்கள் உட்கார வைப்பார்கள் என்று வளைகுடாத் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இருவருக்கும் தொழில் ஒன்றுதான். கடலைக் காய்ச்சிக் குடிதண்ணீர் எடுப்பது. சேதுமாதவன் தோஹா பிளான்டில் தலைமை இன்ஜினியர். உமாபதி அபுதாபிப் பக்கத்துப் பிளான்டு ஒன்றில் ஷிப்ட் இன்ஜினியர், இன்னும் இரண்டு மாதத்துக்கு மட்டும். ஆவணியோடு கான்ட்ராக்ட் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்று புதிதாக வந்த இங்கிலீஷ் மேனேஜர் மிக மரியாதையாகக் கை குலுக்கிச் சொல்லியிருந்தான். நாற்பத்துநாலு வயதில் மெட்ராஸுக்குத் திரும்பிப்போய், எனக்குக் கடலைக் காய்ச்சத் தெரியும், வேலை கொடுங்கள் என்று கேட்டால், கேட்கிறவர்கள் அவரை நல்ல டாக்டராகப் பார்த்து அனுப்பி வைப்பார்கள். ஆகவே அவருக்கு இருந்த ஒரே கதி தோஹா.

அந்தச் சமயத்தில்தான் சேதுமாதவனிடமிருந்து டிரங்க் கால் வந்தது.

"ஓய் உமாபதி, உம்மகிட்ட ஏதோ வீட்டை இழுத்துண்டு போற வண்டி இருக்காமே? அதிலே தண்ணித் தொட்டி உண்டோ?"

"உண்டு சார். பெரிய தொட்டி."

"அபிஷேகத்துக்குக் கலச ஜலம் வேணும் ஓய். அல் ஐன் கிணத்து ஜலம் அமிர்தமா இருக்கும்னு சொல்றா. இங்கே இருக்கற கிணத்துத் தண்ணியை வாயிலே வைக்க முடியலை."

உமாபதி சற்றுத் தயங்கினார். "சார், உங்க பிளான்ட் தண்ணியே…"

"சமுத்திரத்தையா? நன்னா இருக்கே! பர்வ காலம் தவிர சமுத்திரத்தைத் தொடவே கூடாதுங்கறது சாஸ்திரம். அதைக் காய்ச்சி, அறுபதாம் கல்யாணத்தன்னிக்கு என் தலையிலே கொட்டச் சொல்றீரா? பிளான்ட் தண்ணி உத்தியோகத்துக்கு ஓய். ஆத்துக்கு இல்லை."

ஊர் முழுவதற்கும் கடல்நீரைக் காய்ச்சிக் கொடுக்கிற மனிதர், அதில் ஒரு சொட்டு தன் வீட்டுப் பூஜை அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்கிறார். சிரிப்பு வரவேண்டிய இடம். உமாபதிக்கு வந்தது கோபம். காய்ச்சி வடித்த தண்ணீர் உயிரில்லாத தண்ணீர். அதற்கு அளவாகச் சுண்ணாம்பும் காற்றும் கொடுத்து நாக்குக்கு ருசிக்கும்படி எழுப்பி உட்கார வைப்பது அவருடைய கைவேலை. அந்த அளவைப் பிடிப்பதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு மனிதன் அவருடைய தண்ணீரைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. தண்ணீரைப் போய் யார் பாராட்டுவார்கள்? கோபத்தை விழுங்கிக்கொண்டு, "கொண்டு வரேன் சார்" என்றார்.

"வந்துட்டு, அந்த உத்தியோக விஷயத்தையும் பேசிடலாம்" என்று சொல்லிச் சேதுமாதவன் போனை வைத்தார்.

டிரெய்லர் வண்டி ஊரைவிட்டுப் போன ஒரு ஸ்காட்லாந்து சர்வேயரிடமிருந்து வந்தது. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, உட்காரும் பலகைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, காலால் அமுக்கினால் தண்ணீர் வரும் ஒரு குழாய். உமாபதி அந்தத் தொட்டியைப் புளி போட்டுத் தேய்த்தார், வெந்நீர் விட்டு அலசினார், முகர்ந்து பார்த்தார், மறுபடி அலசினார். அவருடைய மனைவி சியாமளா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷத்திலே ஆத்துலே ஒரு டம்ளரைத் தேச்சிருப்பேளோ?"

"இது டம்ளர் இல்லேடி. இது தோஹா."

சேதுமாதவன் போட்ட நிபந்தனைகள் வேறு இருந்தன. தொட்டியில் குளோரின் கலக்கக்கூடாது. கிரகண காலத்தில் செய்கிற மாதிரி தர்ப்பையை மேலே போட்டு மூட வேண்டும். வழியில் அதிலிருந்து ஒரு வாய் கூட எடுத்துக் குடிக்கக்கூடாது. எடுத்தால் மிச்சமெல்லாம் எச்சில். புருஷன் பெண்டாட்டி இருவரும் குடிப்பதற்குத் தனியாக ஒரு ஜெர்ரி கேன் எடுத்துக்கொண்டார்கள். அதில் மட்டும் பிளான்ட் தண்ணீர்.

அபுதாபிக்குக் கிழக்கே பாலைவனச் சோலையான அல் ஐனில், மக்தூம் என்ற பெரியவருடைய பேரீச்சந்தோட்டத்துக் கிணற்றில் தொட்டியை நிரப்பினார்கள். மக்தூம் சும்மாவே கொடுத்தார், கூடவே ஒரு கூடைப் பேரீச்சம்பழமும் கொடுத்தார். தோஹாவுக்கா, தண்ணீரா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, மூன்றாவது தடவை கேட்காமல் தலையை ஆட்டிக்கொண்டார். தொட்டியைக் குறையாக வைத்தால் பிரேக் போடும்போது தண்ணீர் முன்னும் பின்னும் அலைந்து வண்டியைத் தள்ளும் என்று உமாபதிக்குத் தெரியும். விளிம்புவரை நிரப்பி, தர்ப்பையைப் போட்டு, மூடியைத் திருகினார். சியாமளா கை கூப்பினாள். எதைக் கும்பிடுகிறோம் என்று இருவருக்குமே தெளிவில்லை.

மறுநாள் விடிந்ததும் அபுதாபியிலிருந்து மேற்கே கிளம்பினார்கள். ஆனி மாத வெயில். ஸ்டேஷன் வேகன் பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு முனகியது. தாரிஃப் தாண்டியபின் ஒரு பக்கம் உப்புத்தரை, மறுபக்கம் மணல், நடுவில் தார் ரோடு, வேறு ஒன்றும் இல்லை. உமாபதி பாதி நேரம் ரோட்டைப் பார்த்தார், பாதி நேரம் கண்ணாடியில் டிரெய்லரைப் பார்த்தார். மனசுக்குள் தோஹா வீட்டில் எந்த அறையில் எந்தக் கட்டிலைப் போடுவது என்றுகூடத் தீர்மானித்துவிட்டார்.

எல்லை ஊரான சிலாவுக்கு முன்னால் ஒரு வளைவில், நடு ரோட்டில் நாலைந்து பேர் நின்று சிவப்புத் துண்டை ஆட்டினார்கள். உமாபதி நிறுத்தினார். பக்கத்தில் ரோடு போடுகிற கம்பெனியின் கேம்ப், வரிசையாகத் தகரக் கொட்டகைகள். துண்டு ஆட்டியவன் ஜன்னலருகே வந்து, "பாய், பாணி…" என்று ஆரம்பித்தவன் சியாமளாவின் மூக்குத்தியைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தமிழுக்கு மாறினான்.

"அம்மா, தமிழாளுகளா? நல்லாயிருப்பிய. என் பேரு மாயாண்டி, முதுகுளத்தூர்ப் பக்கம். முந்தாநாத்து வரவேண்டிய தண்ணி லாரிம்மா, இன்னும் வரலை. போர்மேன்கிட்டக் கேட்டா 'கல் ஆயேகா', நாளைக்கு வரும்ங்கிறான். நேத்தும் அதத்தான் சொன்னான். உள்ள ஒருத்தன் மயங்கிக் கெடக்கான்மா."

சியாமளா ஜெர்ரி கேனை எடுத்து நீட்டினாள். அது அந்தக் கூட்டத்துக்கு எந்த மூலை! கொட்டகைகளிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வாளி, தகர டப்பா, சாப்பாட்டுத் தூக்கு என்று ஆளுக்கொன்று கையில். உதடுகள் வெடித்திருந்தன. யாரும் சத்தம் போடவில்லை, தள்ளவில்லை. டிரெய்லரைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

உமாபதியும் டிரெய்லரைப் பார்த்தார். ஒரு முழு தோஹா அதற்குள் மூடி போட்டு இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பலாம். அபுதாபிக்குத் தகவல் சொல்லி அனுப்புகிறேன் என்று சொல்லலாம். இது சாமி காரியத்துக்கு வைத்திருக்கிற தண்ணீர் என்று சொன்னால் நம் ஊர்க்காரர்கள் புரிந்துகொள்ளக்கூடச் செய்வார்கள். இதெல்லாம் அவர் மனசில் ஓடியது என்பதை மறைத்துப் பயனில்லை. ஓடி முடிவதற்குள் சியாமளா டிரெய்லர் கதவைத் திறந்து, குழாயடியில் வாளியை வைத்துக் காலால் அமுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சியாமளா, அது…"

"தெரியும்" என்றாள். நிறுத்தவில்லை.

உமாபதி கொஞ்ச நேரம் ரோட்டில் நின்றார். பிறகு உள்ளே போய், "நகரு, உனக்குக் கால் வலிக்கும்" என்று சொல்லிவிட்டுத் தானே அமுக்கினார். பாதித் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் எண்ணம். பாதியில் மயங்கிக் கிடந்தவனைத் தூக்கி வந்தார்கள். அவன் தலையில் ஊற்றி, முகத்தில் அடித்து, வாயில் விட்டு, அவன் கண் திறந்தபோது பாதி என்ற கணக்கு போய்விட்டது. கடைசி வாளியில் தர்ப்பையும் சேர்ந்து வந்தது.

மாயாண்டி ஒரு டப்பாத் தண்ணீரைக் குடித்து முடித்து, நாக்கைச் சப்புக் கொட்டி, முகத்தைச் சுளித்தான்.

"ஐயா கோவிச்சுக்காதிய. இது எந்தூருத் தண்ணி?"

"அல் ஐன் கிணத்துத் தண்ணி. ஏன்?"

"தாகத்துக்கு என்னத்தச் சொல்ல, சாமி மாதிரி வந்திய. ஆனா கரிப்பாவுல்ல இருக்கு. எங்களுக்கு அபுதாபி லாரித் தண்ணி பழகிப்போச்சுய்யா. அது எளநி மாதிரி எறங்கும்."

உமாபதி காலி வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். வேலை போன துக்கம் என்று சியாமளா நினைத்தாள். அது துக்கமே இல்லை. "என்ன சொன்னே? இளநி மாதிரியா?" என்று மறுபடியும் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அவர்கள் கிளம்ப இருந்த நேரத்தில், வரவேண்டிய நேரமெல்லாம் தப்பி, தண்ணீர் லாரி ஆடி அசைந்து வந்தது. ஓட்டி வந்தவர் கீழக்கரைக்காரர், கௌஸ் முகைதீன். இறங்கியதும் கேம்ப் ஆட்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, "கியர்பாக்ஸ் போயிருச்சு, நா என்னப்பா பண்ணுவேன்" என்று சமாளித்துவிட்டு, உமாபதியைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"சார், நீங்க பிளான்ட் இன்ஜினியர்ல? உங்க கேட்டுலதான் சார் தண்ணி புடிச்சுட்டு வாறேன்."

அது அறுபதாம் கல்யாணத்துக்குக் கொண்டுபோன தண்ணீர் என்று தெரிந்ததும் மாயாண்டி விடவில்லை. எங்களால் காலியான தொட்டியை நாங்களே நிரப்பிக் கொடுப்போம் என்று நின்றான். லாரியின் குழாயை எடுத்து டிரெய்லர்த் தொட்டிக்குள் விட்டார்கள். விளிம்புவரை நிரம்பியது. மிச்சமிருந்த தர்ப்பையை உமாபதி மேலே போட்டு, மூடியைத் திருகினார்.

வண்டி நகர்ந்து வெகுதூரம் போனபின் சியாமளா கேட்டாள். "ஏன்னா, அவர்கிட்ட உள்ளதைச் சொல்லிடலாமோன்னோ? தாகம்னு கொடுத்தோம், தப்பில்லையே."

"பைத்தியமா உனக்கு? நீ வாயைத் திறக்கப்படாது. அவருக்குத் தேவை அல் ஐன் ஜலம்னு ஒரு பேர். பேர் இருக்கு. நமக்கு வேண்டியது உத்தியோகம்."

எல்லைச் சாவடிகளைத் தாண்டி, சாயங்காலம் தோஹா போய்ச் சேர்ந்தபோது, சேதுமாதவன் வாசலில் காத்திருந்தார். அவர் மனைவி ஜெயலட்சுமி மாமி டிரெய்லருக்குக் கற்பூரம் காட்டினாள். கல்யாண மாப்பிள்ளையைக்கூட அப்படி யாரும் வரவேற்கமாட்டார்கள். சேதுமாதவன் கை கால் அலம்பிக்கொண்டு உள்ளே ஏறி, தர்ப்பையைப் பார்த்துத் திருப்தியாகித் தலையை அசைத்து, உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து வாயில் விட்டுக்கொண்டார். கண்களை மூடினார்.

"ஆஹா! பூமி ஜலம்னா பூமி ஜலம்தான். பாறையிலே ஓடி வர ருசி தெரியறதே!"

உமாபதி டிரெய்லரின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதும் சேதுமாதவன் விடவில்லை. இத்தனை காலம் தான் நடத்திய பிளான்டில் வருகிற தண்ணீர் பாத்திரம் கழுவத்தான் லாயக்கு என்றார். சுண்ணாம்புத் தண்ணீர் என்றார். உமாபதி ரசத்தைக் குடித்தார். உத்தியோகம், உத்தியோகம் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு வாயாக இறக்கினார்.

விழா மறுநாள், வெள்ளிக்கிழமை. தோஹாவிலிருந்த நம்மவர் குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. வாத்தியார் ரவிசங்கர், வார நாட்களில் பேங்கில் கடன் பிரிவில் வேலை, வெள்ளிக்கிழமையில் பஞ்சகச்சம். கடன் கேட்டு வருகிறவர்களைச் சமாதானம் செய்து பழகியவராதலால் மந்திரத்திலும் நிதானம் இருந்தது. வாசல் முற்றத்தில் மணை போட்டு, தம்பதியை உட்கார வைத்து, தலைக்கு மேலே சல்லடை பிடித்து, கலசம் கலசமாக ஊற்றினார்கள். வெயிலுக்கு அந்தத் தண்ணீர் இதமாக இறங்கியது. தீர்த்தம் வாங்கிக் குடித்தவர்கள் எல்லோரும் வாய்விட்டுப் புகழ்ந்தார்கள். ஒரு மாமி இரண்டாம் தடவை கை நீட்டினாள். இன்னொருத்தர், தாமிரபரணியிலேயே இப்படிக் குடித்ததில்லை என்றார்.

உமாபதி மூலையில் நின்றார். ஒவ்வொரு பாராட்டும் அவருக்கு வரவேண்டியது. ஒவ்வொன்றும் அவர் கண்ணெதிரே மக்தூமின் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். இன்னும் அரைமணிதான், பிறகு சாப்பாடு, பிறகு உத்தியோகப் பேச்சு.

நனைந்த வேஷ்டியோடு எழுந்த சேதுமாதவன், கூட்டம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்.

"எல்லாரும் பாத்தேளோன்னோ? இதுக்குப் பேர் தண்ணி. பகவான் பண்ணினது. இப்படி ஒரு சொட்டு எந்த மெஷினாவது பண்ணுமோ? உமாபதியும் நானும் எத்தனை வருஷமா பாய்லரைப் போட்டுக் கட்டிண்டு அழறோம். ஓய், நீரே சொல்லும், நம்ம கையாலே இப்படி ஒரு தண்ணி ஆகுமோ?"

"ஆயிருக்கே" என்றார் உமாபதி.

"என்ன?"

"இது எங்க பிளான்ட் தண்ணி சார்."

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. கேம்ப், தாகம், லாரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "அல் ஐன் தண்ணி கரிக்கும் சார். இது கரிக்கலை பாருங்கோ. சுண்ணாம்பு அளவு நான் வச்சது. நேத்து நீங்க கண்ணை மூடிண்டு குடிச்சேளே, அதுவும் இதான்!" என்றார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சியின் சாயல்கூட இல்லை. முதல் பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்கிறவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

சேதுமாதவன் தலையிலிருந்து சமுத்திரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஜெயலட்சுமி மாமி சல்லடையைப் பார்த்தாள். இரண்டாம் தடவை தீர்த்தம் வாங்கிய மாமி புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வாத்தியாரே, இப்போ என்ன பண்றது?" என்று கேட்டார் சேதுமாதவன். குரல் உடைந்திருந்தது.

ரவிசங்கர் அவசரப்படவில்லை. "எதுக்குக் கவலை? கலசம் வச்சபோதே கங்கை, யமுனை, காவேரி எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாச்சு. அவா வந்து உக்காந்தப்புறம் அது எந்த ஊர்த் தண்ணின்னு கேக்கப்படாது. குழாய்த் தண்ணியானாலும் கங்கைதான்."

"அப்போ எந்தத் தண்ணியா இருந்தாலும் போறுமா?"

"போறும்."

"இதை முன்னாடியே சொல்லப்படாதோ?"

"நீங்க கேக்கலையே, மாமா" என்றார் ரவிசங்கர். பிறகு இலை போடச் சொன்னார்கள். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பாயசம் சாப்பிட்டார்கள்.

சாப்பாடு முடிந்து சேதுமாதவன் உமாபதியைத் தனியாக அழைத்துப்போனார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்திருந்த உமாபதிக்கு, அவர் தோளில் கை போட்டது பயத்தைத்தான் கொடுத்தது.

"தாகத்துக்குக் கொடுத்தீர். பெரிய புண்ணியம். அதிலே எனக்கு வருத்தமே இல்லை. நேத்திக்கு வந்தவுடனே காதோட சொல்லியிருந்தா, நானும் மூச்சு விட்டிருக்க மாட்டேன். உத்தியோகமும் உமக்குத்தான். நீர் சொல்லாமயே இருந்திருந்தாலும் உமக்குத்தான். ரெண்டையும் விட்டுட்டு இத்தனை பேருக்கு நடுவிலே சொன்னீர் பாரும்…" என்று நிறுத்தி, பெருமூச்சு விட்டார். "நாளைக்கு உம்மை நான் சிபாரிசு பண்ணினா, சேதுமாதவன் தலையிலே கடலைக் கொட்டினவனுக்கு வேலையும் போட்டுக் கொடுத்தான்னு இந்த ஊர் சிரிக்கும். போயிட்டு வாரும்." இரண்டடி போனவர் திரும்பி, யாரும் கேட்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சுண்ணாம்பு அளவு எவ்வளவு ஓய்?"

உமாபதி சொன்னார். ஒளிக்கத் தோன்றவில்லை, சொல்லும்போது மறுபடியும் அந்தச் சந்தோஷம் வந்துவிட்டது. சேதுமாதவன் உதட்டை அசைத்து அதை மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே போனார்.

டிரெய்லருக்குள் சியாமளா துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தொட்டியில் இன்னும் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. யாரும் இறக்கி எடுத்துக்கொள்ளவில்லை.

"என்ன சொன்னார்?"

"தண்ணி நன்னா இருந்ததுன்னு ஒத்துண்டுட்டார்" என்றார் உமாபதி.

சியாமளா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அழவேண்டியவர் சிரித்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மடித்த புடவையை மறுபடி உதறி, மறுபடி மடித்தாள்.

"ரொம்ப சந்தோஷம்" என்றாள். "மெட்ராஸ்ல நம்ம தெருவுக்கே ஒரு குழாய்தான், அதுவும் காத்துதான் வரதாம். ஆவணிக்கப்புறம் தினமும் கார்த்தாலே குடத்தைத் தூக்கிண்டு அந்த க்யூவிலே நீங்கதான் போய் நிக்கணும். நான் போக மாட்டேன்."